மருந்துக்கும் நோட்டீஸ் பீரியட் உண்டு!

கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஆண்பிள்ளையைப் பார்த்து நம்மூரில் யாரும் ‘சௌக்கியமா?’ என்று கேட்பதில்லை. ‘என்னப்பா, விசேஷம் ஏதாவது உண்டா?’ என்றுதான் கேட்பார்கள். ஆபீஸ் கேண்டீனில் கேட்பார்கள். பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள். சலூனில் கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டக்கூட வழி இருக்காது.

ஐயம்பேட்டைக்காரரான என் நண்பர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்.

“இன்னும் நோட்டீஸ் பீரியட் முடியலைங்க!”

ஆள் வேலையை விடப் போகிறார் போலிருக்கிறது என்று கேட்டவர் நினைத்துக்கொள்வார். அடுத்த கேள்வி, ‘புது கம்பெனியில் சம்பளம் எவ்வளவு?’ விசேஷம் மறந்துபோகும்.

ஐயம்பேட்டை என்றதும் தஞ்சாவூர்ப் பக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். ‘தில்லு முல்லு’ படத்தில் ரஜினிக்கு ஒரு நீளமான பெயர் வருமே, அது ஐயம்பேட்டை என்றுதான் ஆரம்பிக்கும். அது தனிக் கதை. நான் சொல்வது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை. பட்டுத்தறி ஊர். பக்கத்தில் முத்தியால்பேட்டை. தறிச் சத்தம்தான் தெருவுக்கு அடையாளம். அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், பையன் சென்னைக்கு வேலைக்குப் போவான் என்பது இந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளின் கதை. நண்பர் வீட்டுக் கதையும் அதேதான்.

நோட்டீஸ் கொடுத்தது நண்பர் இல்லை. அவர் மனைவி சாப்பிட்டு வந்த மாத்திரை!

வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். நமக்கு எம்.எஸ். என்றால் சுப்ரபாதம்தான் நினைவுக்கு வரும். இந்த எம்.எஸ். அவ்வளவு இனிமையானதில்லை. ஒரு நாள் காலை அந்தப் பெண்ணுக்கு வலது கண்ணில் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தால் வலி. கண் டாக்டர், நரம்பு டாக்டர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று வரிசையாகப் போனபோதுதான் பெயர் தெரிந்தது. பார்வை சில வாரங்களில் திரும்பிவிட்டது. மாத்திரை மட்டும் கூடவே தங்கிவிட்டது.

ஜரிகை உரிந்தால்...

எம்.எஸ். என்றால் என்ன என்று டாக்டர் சொன்னதைவிட நண்பரின் அப்பா சொன்னது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பெரியவர் தறியிலிருந்து ஒரு துண்டு ஜரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“தம்பி, உள்ள செகப்புப் பட்டு நூலு. அத்தச் சுத்தி வெள்ளிக் கம்பி. மேல தங்க முலாம். இது அசலா டூப்பான்னு பாக்கணும்னா லேசா ஒரசிப் பாருங்க, செகப்பு தெரியும். எங்க மருமவளுக்கு நரம்புல அங்கங்க இந்த மாதிரி ஒரசிப்போச்சாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிச்சு.”

டாக்டர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம்தான். மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை. சேதி வேகமாக ஓட அதுதான் உதவி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஏதோ குழப்பத்தில் இந்த உறையைத் தின்ன ஆரம்பிப்பதுதான் எம்.எஸ். வாட்ச்மேனே பீரோவை உடைக்கிற கேஸ். எந்த இடத்தில் உரிகிறதோ அதற்குத் தகுந்த தொல்லை. கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீர் அவசரப்படுத்தும். வரும், சில வாரத்தில் குறையும், பிறகு இன்னொரு நாள் வேறு இடத்தில் வரும். இப்படி வந்து போவதை ‘ரிலாப்ஸ்’ என்கிறார்கள். இதை ஒரு தனி வியாதியாக 1868ல் விவரித்தவர் பாரிஸில் இருந்த ஷார்கோ என்ற டாக்டர்.

இது பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில்தான் தலைகாட்டுகிறது. ஒரு ஆணுக்கு வந்தால் இரண்டு, மூன்று பெண்களுக்கு வருகிறது. அதாவது ஜாதகம் பார்க்கிற வயது, சீமந்தம் செய்கிற வயது. மேல்நாடுகளைப் போல நம்மிடம் அதிகமில்லை. மங்களூரில் எடுத்த கணக்கு லட்சம் பேருக்குச் சுமார் 8 பேர். விகிதம் சின்னதாகத் தெரியலாம். நம் ஜனத்தொகையால் பெருக்கிப் பாருங்கள், சின்னதாக இருக்காது.

பழைய தீர்ப்பும் புதிய கணக்கும்

‘எம்.எஸ். உள்ள பெண் பிள்ளை பெறக் கூடாது.’ 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிய டாக்டர்களே பலர் இப்படித்தான் சொல்லி வந்தார்கள். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை, தீர்ப்பு மட்டும் தயாராக இருந்தது.

கணக்கு 1998ல் வந்தது. ஐரோப்பாவில் 12 நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 பெண்களை, அவர்களுடைய 269 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். ‘பிரிம்ஸ்’ என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அதன் முடிவை வட்டி விகிதம் மாதிரி, வருஷக் கணக்கில் சொல்கிறேன்.

கர்ப்பத்துக்கு முந்தைய வருஷத்தில் 100 பெண்களுக்கு 70 ரிலாப்ஸ். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அந்த வேகம் 20க்கு இறங்கிவிட்டது! பிரசவமான முதல் மூன்று மாதத்தில் 120க்கு ஏறியது. பிறகு மெல்லப் பழைய நிலைக்கே வந்தது. மொத்தத்தில் பிள்ளை பெற்றதால் வியாதி நிரந்தரமாக முற்றிவிடவில்லை.

ஏன் இறங்குகிறது? வயிற்றில் இருக்கும் குழந்தையில் பாதி அப்பாவின் சொத்து. அம்மாவின் உடம்புக்கு அது அந்நியம். அதை விரட்டாமல் இருக்க எதிர்ப்புச் சக்தி தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கும்போது வீட்டில் சண்டை நிற்கிற மாதிரி. அவர்கள் கிளம்பியதும் பாக்கிச் சண்டை ஆரம்பமாகும் இல்லையா? அதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதம்.

பயப்படாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் ரிலாப்ஸ் வந்தவர்கள் 100க்கு 28 பேர்தான். மீதி 72 பேருக்கு ஒன்றும் இல்லை. அந்த ஆய்வில் பெண்களைச் சேர்த்தது 1993 முதல் 1995 வரை. இன்றைக்கு இருக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை அப்போது கிடையாது.

இன்னும் இரண்டு சந்தேகங்களையும் தீர்த்துவிடலாம். எம்.எஸ். இருப்பதால் மட்டும் கருத்தரிக்கும் சக்தி குறைந்துவிடாது. எம்.எஸ். என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை, முதுகில் போடும் வலி மறப்பு ஊசிக்கும் தடையில்லை. குழந்தைக்கும் வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் மேல்நாட்டுக் கணக்குப்படி 100க்கு 2, 3 என்ற அளவு. மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் 97 பேருக்கு வருவதில்லை.

ஆக, கர்ப்பம் வில்லன் இல்லை. பிறகு என்னதான் பிரச்னை? மருந்து.

யார் யார் எத்தனை நாள்?

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது நோட்டீஸ் பீரியட். ஓர் ஊழியர் ராஜினாமா கொடுத்தால் சிலர் அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள். சிலர் மூன்று மாதம் கழித்துப் போவார்கள். சிலர் ரிட்டையர் ஆன பிறகும் தினம் வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். எம்.எஸ். மருந்துகளிலும் இந்த மூன்று ரகமும் உண்டு.

முதலில் சாதுக்கள். இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிராமர் என்ற ஊசிகள். 1990களில் வந்த பழைய சிப்பந்திகள். இன்டர்ஃபெரான் முதலில் அனுமதி பெற்றது 1993ல். இவற்றுக்குப் பெரிய நோட்டீஸ் பீரியட் எதுவும் வேண்டாம். இன்டர்ஃபெரானைத் தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் தரலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2019ல் குறிப்பையே மாற்றியது. கிளாட்டிராமரையும் கரு நிற்கும் வரை, பல சமயம் அதற்குப் பிறகும்கூட டாக்டர்கள் தொடர்கிறார்கள்.

டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மாத்திரை மாலையே கிளம்புகிற ரகம். ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். அதனால் எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சாவகாசமாக முடிவு செய்யலாம்.

ஃபிங்கோலிமோட் வேறு ஜாதி. கரு நிற்பதற்கு முன்பு குறைந்தது 2 மாதம் நிறுத்தியிருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது என்று ஐரோப்பாவில் 2019ல் தடை போட்டார்கள். இதில் இன்னொரு வம்பு, மாற்று ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் சிலருக்கு வியாதி முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும். நட்டாலிசுமாப் என்ற ஊசியிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் வியாதி கடுமையாக உள்ளவர்களுக்கு அதை நிறுத்தாமல், இடைவெளியைக் கூட்டி, ஏழெட்டு மாதம் வரை கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்தால் பிறந்த குழந்தைக்கு ரத்த அணுக்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கிளாட்ரிபின் மாத்திரையை வருஷத்தில் சில நாள்தான் சாப்பிடுவார்கள். இரண்டு வருஷத்தில் கோர்ஸ் முடிந்துவிடும். ஆனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

ரிட்டுக்ஸிமாப். விலை காரணமாக நம் நாட்டில் எம்.எஸ்ஸுக்கு நிறையவே கொடுக்கப்படும் ஊசி. லேபிளில் 12 மாதம் என்று போட்டிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்து போன பிறகும் அதன் காவல் பல மாதம் நிற்கும். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் இந்த வகை மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டுவதும் மிகக் குறைவு. அதனால் நிபுணர்கள் பலர் அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்வதில்லை. ஊசி போட்டு, சில மாதம் விட்டு, முயற்சி செய்யச் சொல்கிறார்கள். எத்தனை மாதம் என்பதை உங்கள் நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதன் தம்பியான ஒக்ரெலிசுமாப்புக்கும் இதே மாதிரிக் கணக்கு.

கடைசியாக, பழைய நாற்காலியை விடாத ஆசாமி. டெரிஃப்ளுனோமைட். நண்பர் மனைவி சாப்பிட்டது இதைத்தான். தினம் ஒரு மாத்திரை, ஊசி கிடையாது என்பதால் நிறையப் பேருக்குப் பிடிக்கும். நிறுத்திய பிறகு இது உடம்பிலிருந்து முழுக்க வெளியேறச் சராசரியாக 8 மாதம். சிலருக்கு 2 வருஷம்! விலங்குகளில் சோதித்தபோது கருவுக்குக் கெடுதல் செய்தது தெரிந்ததால் கர்ப்பத்தில் இதற்கு இடமே கிடையாது.

2 வருஷம் காத்திருக்க முடியுமா? அதற்குத்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கொலஸ்டிரமின் என்ற பவுடர். ஒரு வேளைக்கு 8 கிராம், தினம் 3 வேளை, 11 நாள். அது ஒத்துவராவிட்டால் மருந்துக் கரி. அதுவும் 11 நாள். பிறகு 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால்தான் ‘ரிலீவிங் ஆர்டர்’.

“எப்படிம்மா இருந்துச்சு அந்தப் பவுடர்?” என்று கேட்டேன்.

“அண்ணா, பாலாத்து மணலக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்களா?” என்றார் அந்தப் பெண். “முப்பத்து மூணு டம்ளர். எண்ணிட்டே குடிச்சேன்.”

கொலஸ்டிரமின் குடிக்கிற நாளில் அது மற்ற மாத்திரைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். கருத்தடை மாத்திரையையும் சேர்த்துத்தான்! ஆகவே ‘அவள்தான் மாத்திரை சாப்பிடுகிறாளே’ என்று கணவன் கைகட்டி நிற்க முடியாது. ரிலீவிங் ஆர்டர் வரும்வரை நிரோத் போன்ற ஆணுறைதான். இந்த ஒரு வேலையை அவளால் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பாவு பிணைக்கிற சூட்சுமம்

‘சரி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முயற்சி செய்தால் போச்சு’ என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. கரு எப்போது நிற்கும் என்று யாரும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. இரண்டாவது மாதமும் இருக்கலாம், இரண்டாவது வருஷமும் இருக்கலாம். அதுவரை மருந்தில்லாமல் திறந்த வீடாக இருந்தால்?

இதற்கும் பெரியவர்தான் உதாரணம் சொன்னார்.

“தறியில பாவு முடியப்போவுதுன்னா, அது தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த பாவு ரெடியா இருக்கணும் தம்பி. பழசோட நுனியில புதுசப் பிணைக்கணும். பழச வெட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு சும்மா இருந்தா அச்சு, விழுது எல்லாத்தையும் மறுபடி ஒண்ணொண்ணாக் கோக்கணும். அது எவ்ளோ வேல தெரியுமா?”

டாக்டர் செய்ததும் அதைத்தான். டெரிஃப்ளுனோமைட்டை வெளியேற்றிய கையோடு கிளாட்டிராமர் ஊசியைப் பிணைத்துவிட்டார். எந்த மருந்தை எதனோடு பிணைப்பது என்பது வியாதியின் வேகத்தைப் பொறுத்தது. ஒருவருக்குச் சாதுவான ஊசி போதும். இன்னொருவருக்கு முதலில் ஒரு வருஷம் கடுமையான மருந்து கொடுத்து வியாதியை அடக்கிவிட்டு, பிறகுதான் பிள்ளைப் பேச்சு. குறைந்தது ஒரு வருஷமாவது புது ரிலாப்ஸ் இல்லாமல் அமைதியாக இருந்த பிறகு முயற்சி செய்வது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. நடுவில் ரிலாப்ஸ் வந்தாலும் வழி உண்டு. தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை சில நாள் நரம்பு வழியாகக் கொடுப்பார்கள்.

இதனால்தான் ‘எப்போது பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசை?’ என்ற கேள்வி மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வர வேண்டும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாமியார் காதுக்குப் போவதற்கு முன்னால் நரம்பு டாக்டர் காதுக்குப் போக வேண்டிய செய்தி இது.

சைடு மருந்துகளையும் மறக்காதீர்கள். வலிக்கு, வலிப்புக்கு, களைப்புக்கு, சிறுநீர் அவசரத்துக்கு என்று பக்கவாத்தியங்கள் இருக்கும். வால்ப்ரோயேட் கருவுக்குப் பெரிய கெடுதல். டோபிரமேட், களைப்புக்குத் தரும் மோடஃபினில் இரண்டுக்கும் எச்சரிக்கை உண்டு. ஃபோலிக் ஆசிட் மட்டும் கரு நிற்பதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

கணக்குத் தப்பி, மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே கரு நின்றுவிட்டால்? பதறிப்போய் எல்லாவற்றையும் தானே நிறுத்தவும் கூடாது, ‘கலைத்துவிடலாம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓடவும் கூடாது. அன்றைக்கே மருந்துச் சீட்டோடு நரம்பு டாக்டர், பிரசவ டாக்டர் இருவரையும் பாருங்கள். டெரிஃப்ளுனோமைட்டாக இருந்தால் உடனே வெளியேற்றும் சிகிச்சை உண்டு. பல மருந்துகளில் கவலைப்பட ஒன்றுமே இருக்காது.

மாத்திரை சாப்பிடுவது மாப்பிள்ளையாக இருந்தால்?

ஆண்களுக்கு எம்.எஸ். வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஊசிகளால் அப்பாவாகப் போகிறவருக்குத் தடை இல்லை. ஆனால் கிளாட்ரிபின் சாப்பிட்ட ஆணும் கடைசி மாத்திரைக்குப் பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். டெரிஃப்ளுனோமைட் விந்திலும் தென்படுகிறது. ஆபத்து குறைவு என்கிறது ஐரோப்பா. ரிஸ்க் வேண்டாம் என்று நினைக்கும் ஆணுக்கும் அதே 11 நாள் பவுடர் வைத்தியத்தைச் சொல்கிறது அமெரிக்கா. எது உங்களுக்கு என்று டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘பொம்பளை சமாசாரம்’ என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் இந்த விஷயம் காதிலேயே விழாது.

சிகரெட்டா? எம்.எஸ்ஸை வேகப்படுத்தும் சாமான்களில் அதுவும் ஒன்று. நீங்களே விட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே போகிறேன்.

பெயரில் ஒரு குழப்பம்

எம்.எஸ். மாதிரியே வேஷம் போட்டு வரும் இன்னொரு வியாதி உண்டு. என்.எம்.ஓ. என்பார்கள். இதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். 2004ல் இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமானது. இதில் கர்ப்பக் கணக்கே வேறு. எம்.எஸ். போல ‘கர்ப்பத்தில் அடங்கும்’ என்று நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. இதற்குத் தரும் மருந்துகளில் ஒன்றான மைக்கோஃபினலேட் கருவுக்குக் கெடுதல். குறைந்தது 6 வாரம் முன்பு நிறுத்த வேண்டும். ஆகவே பிள்ளைத் திட்டத்துக்கு முன்னால் ‘எனக்கு இருப்பது எம்.எஸ்.தானா, அந்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

சீரோடு ஃபைலும் போகட்டும்!

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளையல், சித்ரான்னம், பட்டுப்புடவை சகிதம் பெண்ணை அனுப்பிவிடுவோம். எம்.எஸ்ஸில் ஆபத்தான காலம் பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதம் என்று பார்த்தோம். அந்த மூன்று மாதமும் அவள் நரம்பு டாக்டரை விட்டு 200 கிலோமீட்டர் தள்ளி இருப்பாள்! போகட்டும், தப்பில்லை. ஆனால் சீரோடு மருத்துவ ஃபைலும் போகட்டும். ஸ்கேன், மருந்துச் சீட்டு, டாக்டரின் போன் நம்பர், எந்த மருந்தை எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பிப்பது என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ எண் தரும் கிராம சுகாதார நர்ஸிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறவரும், அம்மா என்ன ஊசி போட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளை பெற்றவளை ஜன்னல் சாத்திய அறையில் வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் நம் வழக்கம். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் பழைய தொல்லைகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். 1890லேயே உட்டாஃப் என்ற டாக்டர் எழுதி வைத்த விஷயம். காஞ்சிபுரத்து மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். நண்பரின் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “எங்க அம்மா எனக்கு அப்பிடித்தானே செஞ்சாங்க மாப்ளே” என்றாராம். இவர் டாக்டரை ஸ்பீக்கரில் போட்டுப் பேசவைத்தார். வெந்நீர் வெதுவெதுப்புக்கு இறங்கியது. ஜன்னலும் திறந்தது. (மாமியாரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்லாமல் ஸ்பெஷலிஸ்ட்டை அனுப்புவதுதான் புத்திசாலி மாப்பிள்ளைக்கு அழகு.)

தாய்ப்பால்? தாராளமாகத் தரலாம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்மார்களுக்கு ரிலாப்ஸ் குறைவாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் ஊசிகளோடு பால் கொடுக்கலாம். டெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபின் என்றால் பால் கூடாது. பாலா, உடனே கடுமையான மருந்தா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரோடு பேசி முடித்துவிடுங்கள். குழந்தை அழும் நடுராத்திரியில் எடுக்கிற முடிவு இல்லை இது.

எது களைப்பு, எது ரிலாப்ஸ்? கைக்குழந்தைக்காரி எல்லோருக்கும் களைப்புதான். புதிதாக ஒரு தொல்லை வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ரிலாப்ஸ் மாதிரியே நடிக்கும், அதையும் பார்க்க வேண்டும். ‘பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லும் அத்தைக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போனை எடுங்கள்.

அலுவலகத்தில்...

எம்.எஸ்ஸை மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் 2016ல் சேர்த்தார்கள். பாதிப்பு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் கிடைத்தால் அதற்குரிய சலுகைகளைக் கேட்கலாம். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985ல் மும்பையில் ஆரம்பமானது. சென்னையிலும் அதன் கிளை இருக்கிறது. இதே பாதையில் போய்ப் பிள்ளை பெற்றவர்களோடு பத்து நிமிஷம் பேசுவது பத்து டானிக்குக்குச் சமம்.

வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சட்டப்படி 26 வாரம் லீவு. 2017ல் வந்த திருத்தம். அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனியென்றால் முதலாளியின் மனசுதான் சட்டம். ஆகவே இருக்கிற லீவைக் கணக்காகச் செலவு செய்ய வேண்டும்.

நண்பர் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். கல்யாணத்துக்குப் போக லீவு இல்லை. கிரிக்கெட் மேட்சுக்கு லீவு இல்லை. தீபாவளிக்கு மறுநாள் லீவு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து 34 நாள் மிச்சம் பிடித்திருந்தார். பிரசவத்தன்று இரண்டு நாள், மீதி முழுக்கப் பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதத்துக்கு.

“வளைகாப்புக்கு?” என்றேன்.

“அன்னிக்கு என்னை யாருடா தேடப் போறா? வளையல் போடறது பொம்பளைங்க, கலந்த சாதம் சாப்பிடறது சொந்தக்காரங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழறப்போ அவ தூங்கணும், நான் முழிச்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த முப்பத்து நாலு” என்றார்.

எம்.எஸ்ஸோடு பிள்ளை பெற நினைக்கிற வீட்டில் கணவனுக்கு மூன்றே கடமைகள். மருந்துக்கு ஒரு வருஷம் முன்பே நோட்டீஸ் கொடுக்க அவளோடு டாக்டரிடம் போவது. நோட்டீஸ் முடியும்வரை காத்திருப்பது. பிரசவத்துக்குப் பிறகு அவளைத் தூங்கவிடுவது. முதல் இரண்டையும் டாக்டர் ஞாபகப்படுத்துவார்.

மூன்றாவதுக்கு இன்றைக்கே லீவு லெட்ஜரைத் திறந்து பாலன்ஸ் பாருங்கள்.